பகடிவதை: பிள்ளை ஏன் வாய் திறப்பதில்லை, திறந்த மறுநாள் என்ன நடக்கிறது

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்துக்கு எதிரே பொழுது விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து வரும் 170, 160 எண் பேருந்துகள் வேலைக்குச் செல்வோருடன் பள்ளிச் சீருடை அணிந்த பிள்ளைகளையும் இறக்கிவிடுகின்றன. குடிநுழைவுச் சோதனையில் வரிசை நீளும் என்பதால் நான்கு மணிக்கே எழும் பிள்ளைகள் இவர்களில் உண்டு. இங்கிருந்து இயூ டீ, சுவா சூ காங், புக்கிட் பாஞ்சாங் பக்கம் பிரிந்து செல்கிறார்கள். கிராஞ்சியில் வீடுகள் இன்னும் குறைவு. நீர்த்தேக்கம், பண்ணைகள், போர் நினைவகம், 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயம் நின்றுபோன குதிரைப் பந்தயத் திடல். அந்தத் திடலில் ஏறத்தாழ 14,000 வீடுகள் எழும்பத் திட்டம் உள்ளது. அதுவரை, பெரும்பாலான மாணவர்களுக்கு இது கடந்துபோகும் இடம்தான்.

பகடிவதை பற்றிப் பேசும்போது கடந்துபோகும் இடங்களிலிருந்து தொடங்குவது பொருத்தம். ஏனெனில் அது பெரும்பாலும் நடப்பது இத்தகைய இடங்களில்தான். சிங்கப்பூர்ப் பள்ளிகள் காலை 7.30 மணிக்கு முன் தொடங்குவதில்லை. வகுப்பறையில் ஆசிரியர் இருக்கிறார். பேருந்தின் பின்னிருக்கையில், கழிவறையில், உணவகத்தில் வரிசை பிடிக்கும் இடத்தில், புளோக்கின் கீழ்த்தளத்தில், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் யாரும் இல்லை. பெற்றோர் பார்க்கும் நேரத்துக்கும் ஆசிரியர் பார்க்கும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி. பத்து வயதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளின் பெரும் துயரங்கள் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன.

எது பகடிவதை என்பதில் வீடுகளில் குழப்பம் அதிகம். இரண்டு பையன்கள் காற்பந்துத் திடலில் கைகலப்பில் இறங்கி மறுநாள் ஒன்றாகச் சாப்பிட்டால் அது சண்டை. இத்துறையின் முன்னோடியான டான் ஒல்வேயஸ், 1970களில் சுவீடனிலும் நார்வேயிலும் தொடங்கிய ஆய்வுகளில் மூன்று அடையாளங்களை வைத்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவருக்கும் படுபவருக்கும் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. மூன்றாவதுதான் முக்கியம். பலம் என்றால் உடல் பலம் மட்டுமில்லை. ஐந்து பேருக்கு எதிரே ஒருவர் நிற்பதும், வகுப்பே விரும்பும் மாணவிக்கு எதிரே புதிதாகச் சேர்ந்த மாணவி நிற்பதும் அந்த ஏற்றத்தாழ்வுதான். அதனால்தான் ‘நீயும் திருப்பிக் கொடு’ என்ற அறிவுரை பெரும்பாலும் பலிப்பதில்லை. திருப்பிக் கொடுக்க முடிந்திருந்தால் அந்தப் பிள்ளை அந்த நிலையில் இருந்திருக்காது.

எத்தனை பேருக்கு இது நடக்கிறது? 2024இல் மாணவர்கள் தாக்கப்படும் காணொளிகள் பரவி நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தபோது, கல்வி அமைச்சு ஒரு கணக்கைத் தந்தது. முந்தைய ஐந்தாண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு, தொடக்கப்பள்ளிகளில் 1,000 மாணவர்களுக்கு 2 சம்பவங்கள். உயர்நிலைப்பள்ளிகளில் 1,000 பேருக்கு 6. இதைக் கேட்டு நிம்மதி அடைவதற்குள் இன்னோர் எண்ணையும் பார்க்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் பீசா அனைத்துலக ஆய்வில், சிங்கப்பூரின் 15 வயது மாணவர்களில் 26 விழுக்காட்டினர் மாதத்துக்குச் சில முறையாவது பகடிவதைக்கு ஆளானதாகக் கூறினர். ஓஇசிடி நாடுகளின் சராசரி 23 விழுக்காடு.

இரண்டும் பொய்யில்லை. முதல் கணக்கு, பள்ளியின் கவனத்துக்கு வந்து பதிவான சம்பவங்கள். இரண்டாவது, பெயர் தெரியாத வினாத்தாளில் பிள்ளைகளே சொன்னது. கேலி, ஒதுக்கிவைத்தல், வதந்தி எல்லாம் அதில் அடங்கும். அளவுகோல் வேறு, வயதும் வேறு என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து விடை காண முடியாது. ஆனாலும் ஆயிரத்தில் ஆறு எங்கே, நூறில் இருபத்தாறு எங்கே? நடப்பதில் பெரும்பகுதி பெரியவர்கள் காதுக்கு வருவதே இல்லை என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு

பிள்ளை சொல்லாமல் இருப்பதைக் கூச்சம் என்றும் கோழைத்தனம் என்றும் பெரியவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது பெரும்பாலும் கணக்குப் போட்டு எடுத்த முடிவு. சொன்னால் அம்மா அழுவார். அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போடுவார். ஆசிரியர் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவைப்பார். மறுநாள் பேருந்தில் அதே ஐந்து பேர் இருப்பார்கள். இந்த முறை ‘போட்டுக்கொடுத்தவன்’ என்ற பட்டமும் சேர்ந்திருக்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

இந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதை மிகக் கொடூரமாகக் காட்டியது நாங்குநேரி. திருநெல்வேலி மாவட்டத்தில், வள்ளியூரில் உள்ள பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த 17 வயதுத் தலித் மாணவரை, ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த சக மாணவர்கள் தொடர்ந்து தொல்லைப்படுத்தினர். அவர் பள்ளிக்குப் போவதை நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று பள்ளி விசாரித்தபோது விவரம் வெளியே வந்தது. புகார் பதிவானது. 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, அவர் வீட்டுக்குள் புகுந்தவர்கள் அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பல மாதம் சிகிச்சையில் இருந்த அந்த மாணவர், 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார்.

அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூன் 18ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலினிடம் அறிக்கை வழங்கப்பட்டது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக்கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் இருக்கக்கூடாது, மாணவர் நலனுக்கெனத் தனி அலுவலர் வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. சிங்கப்பூரில் நிலைமை அதுவன்று. அரிவாள் இல்லை, கயிறும் இல்லை. ஆனால் நாங்குநேரியில் நடந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். தொல்லை, மௌனம், பள்ளிக்கு வராமை, விசாரணை, புகார், பிறகு பழிவாங்கல். புகார் கொடுத்த நாளோடு ஆபத்து முடியவில்லை. அன்றுதான் அது உச்சத்துக்குப் போனது. புகாரை எப்படி வாங்குவது என்பதற்குப் பள்ளிகள் எழுதிவைக்கும் விதிகளில் பாதியளவுகூட, மறுநாள் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு எழுதப்படுவதில்லை என்பதுதான் உலகெங்கும் உள்ள குறை.

நம் பிள்ளைகளுக்கு வரும் கேலி

சிங்கப்பூர்ப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளை எதிர்கொள்ளும் கேலிக்குத் தனி வடிவம் உண்டு. தோல் நிறம், தலையில் வைத்த எண்ணெயின் வாசனை, பெயரின் நீளம், சாப்பாட்டுப் பெட்டியில் உள்ளது, தலையை ஆட்டும் விதம். வகுப்பில் இரண்டோ மூன்றோ பேர்தான் இந்தியர் என்றால் பலத்தின் ஏற்றத்தாழ்வு எண்ணிக்கையிலேயே வந்துவிடுகிறது. பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். சிரித்துவிட்டால் அது நகைச்சுவை, சிரிக்காவிட்டால் ‘விளையாட்டுக்குச் சொன்னதை ஏற்கத் தெரியாதவன்’. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 21ஆம் தேதி, 1964 கலவரத்தை நினைவூட்டி இன நல்லிணக்க நாளைப் பள்ளிகள் கொண்டாடுகின்றன. வேட்டியும் சேலையும் கட்டிப் படம் எடுத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் ஜூலை 22ஆம் தேதி உணவகத்தில் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டால் என்ன சொல்வது என்பதையும் வகுப்பில் பேசினால் அந்த நாளுக்குப் பொருள் கூடும்.

இதில் நம் பக்கத்துக் குறையும் உண்டு. இந்தியாவிலிருந்து புதிதாக வந்த பிள்ளையின் ஆங்கில உச்சரிப்பை இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை கேலி செய்வதும், கடற்பாலம் கடந்து வரும் பிள்ளையை ‘ஜேபி’ என்று பெயர் வைத்து அழைப்பதும் நடக்கிறது. கட்டுமான ஊழியரைக் குறிக்கும் சொல்லை வசவாகப் பயன்படுத்தப் பிள்ளை எங்கே கற்றது? வெயிலில் விளையாடாதே, கறுத்துவிடுவாய் என்று வீட்டில் கேட்டு வளரும் பிள்ளைக்கு, பள்ளியில் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்பவன் சொல்வது புதிதாக இருக்காது. வீட்டிலும் அதைத்தானே சொல்கிறார்கள் என்று எண்ணி மௌனமாகிவிடும்.

படிப்பை வைத்துத் தரம் பிரிக்கும் கேலி ஒன்றும் நீண்டகாலம் இருந்தது. விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து நீக்கப்பட்டு, வெவ்வேறு மதிப்பெண் பெற்றவர்கள் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். வகுப்பின் பெயரைச் சொல்லி ஒருவரை மட்டம்தட்டும் வழி அடைபட்டது. ஆனால் யார் எந்தப் பாடத்தை எந்த நிலையில் படிக்கிறார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவதில்லை.

தொடக்கநிலை ஆறிலிருந்து உயர்நிலை ஒன்றுக்கு மாறும் காலம் இதில் வழுக்குப் பாறை. ஆறாண்டு நண்பர்கள் பல பள்ளிகளுக்குப் பிரிந்துவிடுகிறார்கள். புதிய வகுப்பில் யார் யாருடன் அமர்வது என்பது முதல் சில வாரங்களில் முடிவாகிறது. அதில் தன் இடத்தைப் பிடிக்க, இன்னொருவரைக் கீழே தள்ளுவது எளிய வழி. பகடிவதை செய்பவர்கள் எல்லாரும் உடைந்த குடும்பத்திலிருந்து வரும் முரடர்கள் என்று நினைப்பது வசதியான எண்ணம். அவர்களில் நன்றாகப் படிப்பவர்களும் ஆசிரியருக்குப் பிடித்தவர்களும் உண்டு. முன்பு தாங்களே அடி வாங்கியவர்களும் உண்டு.

சுற்றி நிற்பவர்கள்

பெரும்பாலும் இது இருவருக்கு இடையே நடப்பதாகப் பேசப்படுகிறது. கனடாவின் டொராண்டோவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரேக் ஆகியோரின் ஆய்வுக்குழு, பள்ளித் திடல்களில் கேமராவையும் சிறிய ஒலிவாங்கியையும் வைத்துப் பார்த்தது. 2001இல் வெளியான முடிவின்படி, 88 விழுக்காட்டுச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தனர். யாராவது ஒரு பிள்ளை குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் பத்து விநாடிக்குள் அது நின்றுபோனது. ஆனால் குறுக்கிட்டவர்கள் சிலரே.

பின்லாந்து இந்த இடத்தைத்தான் பிடித்தது. துர்க்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சல்மிவாலி உருவாக்கிய ‘கிவா’ திட்டம் 2009இல் நாடு முழுதும் விரிந்தது. அதில் ஒரு நடைமுறை கவனிக்கத்தக்கது. சம்பவம் தெரிந்ததும் ஆசிரியர்கள் பாதிக்கப்பட்ட பிள்ளையிடமும் செய்தவர்களிடமும் தனித்தனியே பேசுகிறார்கள். அத்துடன் வகுப்பில் மதிப்புள்ள, நல்ல மனம் கொண்ட இரண்டிலிருந்து நான்கு பிள்ளைகளை அழைத்து, பாதிக்கப்பட்டவருக்கு எப்படித் துணையாக இருக்கலாம் என்று கேட்கிறார்கள். இடைவேளையில் பக்கத்தில் அமர்வது, பேருந்துவரை சேர்ந்து நடப்பது போன்ற சின்ன வேலைகள்தான். சில வாரம் கழித்து மீண்டும் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறார்கள். மேலே சொன்ன ‘மறுநாள்’ கேள்விக்கு இது விடை.

இப்படிப்பட்ட திட்டங்கள் மந்திரம் இல்லை. நூறு மதிப்பீடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு, அவை பகடிவதை செய்வதைச் சுமார் 20 விழுக்காடும், அதற்கு ஆளாவதைச் சுமார் 15 விழுக்காடும் குறைக்கின்றன என்கிறது. முற்றாக ஒழித்த பள்ளி எதுவுமில்லை. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அந்த ஒன்று யாரோ ஒரு வீட்டின் பிள்ளை.

சிங்கப்பூரிலும் எல்லாப் பள்ளிகளிலும் மாணவரே மாணவருக்குத் துணைநிற்கும் கட்டமைப்பு அமைக்கப்பட்டுள்ளது. பள்ளிதோறும் மனநல ஆலோசகரும் இருக்கிறார். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் இடைவேளை, இணைப்பாட நேரம் உட்படப் பள்ளி நேரம் முழுதும் கைப்பேசி பயன்படுத்தக்கூடாது. கழிவறையில் படம் பிடித்துப் பரப்பும் வேலைக்கு இது ஓரளவு தடை. மாலையில் நடப்பது வீட்டின் பொறுப்பில் விழுகிறது.

பிரம்படி பற்றிய வாதம் ஒவ்வொரு காணொளிக்குப் பின்னும் எழுகிறது. விதிமுறைப்படி மாணவிகளுக்குப் பிரம்படி கிடையாது. மாணவர்களுக்கும் முதல்வரோ அவர் அனுமதி பெற்றவரோதான் தரலாம். கடுமையான செயலுக்குத் தண்டனை தேவையில்லை என்று பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாயிடம் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் தண்டனை செய்தவரை மட்டும் தொடுகிறது. சிரித்துக்கொண்டே படம் பிடித்த ஏழு பேரையும், பார்த்துவிட்டுத் திரும்பி நடந்த பத்துப் பேரையும் அது தொடுவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்

பிள்ளை வாயால் சொல்லாததை வேறு விதத்தில் சொல்லும். ஞாயிறு இரவில் மட்டும் வயிற்றுவலி. கைச்செலவுப் பணம் கொண்டுபோயும் பசியோடு திரும்புவது. வீட்டுக் கதவைத் திறந்ததும் கழிவறைக்கு ஓடுவது. பள்ளிக் கழிவறைக்குப் போகப் பயப்படும் பிள்ளைகள் நாள் முழுதும் அடக்கிக்கொள்கிறார்கள். வழக்கமான பேருந்தை விட்டு அடுத்ததில் வருவது. பென்சில் பெட்டி, தண்ணீர்ப் புட்டி அடிக்கடி ‘தொலைவது’. ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பதிலும் வழி உண்டு. ‘யாராவது அடிக்கிறார்களா?’ என்று நேரே கேட்டால் இல்லை என்ற பதில் வரும். இடைவேளையில் யாருடன் சாப்பிட்டாய், பேருந்தில் எங்கே அமர்ந்தாய் என்று கேட்டால் கதை தானாக வரும். வந்த பிறகு பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை, கோபத்தை அடக்குவது. ‘நீ என்ன செய்தாய்?’ என்பது முதல் கேள்வியாக இருந்தால் அதுவே கடைசி உரையாடலாகவும் இருக்கும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் அம்மா பள்ளிக்கு எழுதிய கடிதம் வகுப்பில் வெளியானால், அடுத்த முறை அந்தப் பிள்ளை பேசாது.

தேதி, இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். குறுஞ்செய்திகளை அழிக்காமல் திரைப்படம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு வகுப்பாசிரியருக்கு எழுத்து வடிவில் தெரிவிப்பது நல்லது. வாசலில் நின்று சொன்ன புகார் மறக்கப்படும். பள்ளிப் பேருந்தில் நடந்தால் பேருந்து எண்ணையும் நேரத்தையும் சேர்த்துப் பள்ளிக்கே சொல்ல வேண்டும். எழுதும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் சேர்க்கலாம்: என் பிள்ளைக்கு நாளை இடைவேளையில் யார் துணை, இரண்டு வாரம் கழித்து யார் எங்களுக்குத் தகவல் சொல்வார்?

செய்யக்கூடாதவையும் உண்டு. மற்ற பிள்ளையைப் புளோக்கின் கீழே மறித்து மிரட்டுவது பெற்றோரையே குற்றவாளி ஆக்கிவிடும். 2014இல் இயற்றப்பட்ட, துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் எல்லாருக்கும் பொது. அதே சட்டத்தின்கீழ் பாதிக்கப்பட்டவரும் பாதுகாப்பு ஆணை கோரலாம். அதற்கென 2021 ஜூனிலிருந்து தனி நீதிமன்றம் இயங்குகிறது. காணொளியை இணையத்தில் போடுவது உடனே பலன் தருவதுபோல் தெரியும். ஆனால் அதில் அடி வாங்குவது உங்கள் பிள்ளை. பதினைந்து ஆண்டு கழித்தும் அந்தப் படம் எங்காவது இருக்கும்.

பள்ளியிலிருந்து வரும் அழைப்பு மறுபக்கமாகவும் இருக்கலாம்: ‘உங்கள் மகன்தான் செய்தான்.’ ‘என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை’ என்று சொல்லத் தோன்றுவது இயல்பு. அதைச் சொல்வதற்கு முன் முழுக் கதையையும் கேட்டுவிடுவது மேல். வீட்டில் மட்டும் நான்கு அறை விட்டு முடித்துக்கொண்டால், பலமுள்ளவர் அடிக்கலாம் என்ற பாடத்தை மகன் இன்னொரு முறை படித்துக்கொள்வான். என்ன நடந்தது, யார் முன்னால், அந்தப் பிள்ளையின் பொருள் எதுவும் சேதமானதா, அதை எப்படித் திருப்பித் தருவது என்று அவன் வாயாலேயே சொல்லவைப்பது கடினமான வேலை. அதற்கு ஒரு மாலைப்பொழுது போதாது.

உதவிக்கு

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் ‘டிங்கிள் ஃபிரண்ட்’ சேவை 1800 2744 788 என்ற எண்ணில் உள்ளது. எந்த வயதினரும் 24 மணி நேரமும் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை அழைக்கலாம். லிட்டில் இந்தியாவை ஒட்டிய பீட்டி ரோட்டில் உள்ள சிண்டா அலுவலகத்தில் குடும்பங்கள் ஆலோசனை கேட்கலாம். காயம், கொலை மிரட்டல் என்றால் பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. காவல்துறையை 999 எண்ணில் அழைக்கலாம்.